1780: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பின்வாங்கல் – கொசஸ்தலையாறு முதல் கஞ்சித் தொட்டி வரை

கொசஸ்தலையாற்றை மீஞ்சூர் பக்கத்து ஆளுங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வருஷத்தில் பாதி நாள் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். மேற்கே மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு நிறைந்து வரும். வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஆறு என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம்.

1780 ஆகஸ்டில் இதே ஆறு ஒரு படையைப் பத்து நாளுக்குக் கிட்டே நிறுத்தி வைத்தது. அந்தத் தாமதம் பொள்ளிலூர் போரில் முடிந்தது. அந்தப் போர் ஒரு பின்வாங்கலில் முடிந்தது. போரைப் பற்றித் தமிழில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்: திப்புவின் ராக்கெட்டுகள், வெடித்த மருந்து வண்டிகள், ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கும் ஓவியம். பின்வாங்கலைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. மூன்று நாள் நடை, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று நாளிலும், அதற்குப் பிறகு வந்த மூன்று வருஷத்திலும் யார் பட்ட கஷ்டம் எழுத்தில் நின்றது, யாருடையது நிற்கவில்லை என்று பார்த்தால் இந்தப் போர் வேறு மாதிரித் தெரிகிறது.

மூணு மன்றோ

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தக் கதையில் மூன்று மன்றோக்கள் வருகிறார்கள்.

ஒருவர் ஜெனரல் சர் ஹெக்டர் மன்றோ. 1764 பக்சார் போரில் ஜெயித்தவர். 1780-ல் சென்னையில் கம்பெனிப் படைக்குத் தலைமைத் தளபதி. இரண்டாமவர் இன்னஸ் மன்றோ. 73ஆவது ஹைலேண்டர் ரெஜிமெண்டின் அதிகாரி. இந்தப் போரைப் பற்றிக் கடித வடிவில் ஒரு புத்தகம் எழுதி 1789-ல் லண்டனில் வெளியிட்டவர். மூன்றாமவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண கவர்னர், ரயத்துவாரி மன்றோ, தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் அதே மன்றோதான். ஆனால் 1780-ல் அவருக்கு வயசு 19. அந்த வருஷ ஜனவரியில்தான் கேடட்டாகக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார்.

மூவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள். மூவருமே அந்தப் பின்வாங்கலில் இருந்தார்கள். ஒருவர் உத்தரவு போட்டார், மற்ற இருவர் எழுதினார்கள்.

ஆறு

1779-ல் கம்பெனி மாஹேயைப் பிடித்தது ஹைதர் அலியின் கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக அவர் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. படையின் அளவு 80,000 முதல் 90,000 வரை என்று அந்தக் காலக் கணக்குகள் சொல்கின்றன. ஆகஸ்ட் 21-ல் ஆர்க்காட்டை முற்றுகையிட்டார்.

கம்பெனிப் படையோ அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தது. குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 2,800 பேரோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். அதில் ஐரோப்பியர் 200 பேர் சொச்சம், மீதி எல்லாம் சிப்பாய்கள். ஆகஸ்ட் 24-ல் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு வந்துவிட்டார். அங்கேயிருந்து சென்னை 45 கிலோமீட்டர். நேராகச் சென்னைக்கு வந்து பரங்கிமலையில் இருந்த பெரிய படையோடு சேர்ந்திருந்தால் கதை வேறு.

ஆனால் ஹெக்டர் மன்றோ சேருமிடம் காஞ்சிபுரம் என்று முடிவு பண்ணிவிட்டார். 73ஆவது ரெஜிமெண்டின் தலைவர் மெக்லியட் பிரபு, எதிரி நடமாடும் இடத்தில் போய் இரண்டு படையும் சேர்வது சரியில்லை, சென்னைக்குப் பக்கத்தில் சேரலாம் என்று சொன்னார். எடுபடவில்லை.

25ஆம் தேதி பெய்லி கொசஸ்தலையாற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றைத் தாண்ட முடிகிற நிலைதான். பொழுது போயிற்று, காலையில் தாண்டிக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் தாண்ட முடிந்தது. அதற்குள் திப்பு வந்துவிட்டார். செப்டம்பர் 6-ல் பேரம்பாக்கத்தில் இருவருக்கும் மோதல். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் மேற்கொண்டு நகர முடியவில்லை.

ஒரே ஒரு சாயங்காலம். கொசஸ்தலையாற்றைத் தெரிந்த உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் 'இன்னைக்கே தாண்டிடுங்க' என்று சொல்லியிருப்பார்.

அரிசி

சரி, பெய்லி பேரம்பாக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவிடம் 5,000 பேர். தூரம் 25 கிலோமீட்டருக்குள்தான். ஏன் போகவில்லை?

காரணம் அரிசி. படைக்கு வேண்டிய தானியத்தை ஆர்க்காடு நவாப் முகமது அலியின் ஆட்கள் காஞ்சிபுரத்தில் தயாராக வைத்திருப்பார்கள் என்பது ஏற்பாடு. ஆகஸ்ட் 29-ல் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கையில் இருந்தது சில நாள் சாப்பாடு. அக்கம்பக்கத்து ஊர்களில் கிடைத்த நெல்லைச் சேர்த்துக் கோயிலுக்குள் வைத்தார்கள். அந்த நெல்லை விட்டுவிட்டுப் பெய்லியிடம் போனால் ஹைதரின் குதிரைகள் வந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் மாடு இல்லை.

இதை ஒரு தோராயக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துப் படை என்றால் துப்பாக்கிக்காரர்கள் மட்டும் இல்லை. ஒரு கேப்டன் போருக்குக் கிளம்பினால் கூட யார் யார் போவார்கள் என்று இன்னஸ் மன்றோ ஒரு பட்டியலே தருகிறார்: துபாஷி, சமையல்காரர், எடுபிடிப் பையன், குதிரைக்காரர், புல் அறுக்கிறவர், நாவிதர், வண்ணார், மூட்டை தூக்கப் பத்துப் பதினைந்து கூலிகள். இவர்கள் போக டோலி தூக்குகிறவர்கள், பீரங்கி இழுக்கும் மாட்டுக்காரர்கள், பின்னாலேயே வரும் கடைத்தெரு, சிப்பாய்களின் பெண்டுபிள்ளைகள். குறைத்து மதிப்பிட்டு ஒரு சிப்பாய்க்கு மூன்று பேர் என்று வைத்தாலும் 5,000 பேர் படை என்பது 20,000 வயிறு. ஆளுக்கு முக்கால் கிலோ அரிசி என்றால் நாளைக்கு 15 டன். ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் என்றால் ஒரு நாள் அரிசிக்கு 150 மாடு, எட்டு நாளைக்கு 1,200 மாடு. அந்த மாட்டுக்குத் தீவனம் தனி.

இந்த மாடுகளும் நெல்லும் எங்கேயிருந்து வரும்? செங்கல்பட்டுச் சீமை ஊர்களிலிருந்துதான் வரணும். அந்த ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. ஹைதர் அலி சென்னையைச் சுற்றி முப்பது முப்பத்தைந்து மைல் அகலத்துக்கு ஊர்களை அழிக்கச் சொன்னார் என்று மார்க் வில்க்ஸ் தன் மைசூர் வரலாற்றில் எழுதுகிறார். அந்த வளையம் வடக்கே பழவேற்காடு ஏரியில் தொடங்கி, தெற்கே புதுச்சேரிக்குக் கிட்டே முடிகிறது. வரைபடத்தை எடுத்து வைத்து ஸ்கேலால் அளந்தால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் அதற்குள்தான் வருகின்றன.

எதிரிக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்பது போர்த் தந்திரம். ஆனால் படைக்குக் கிடைக்காத சோறு ஊர்க்காரனுக்கும் கிடைக்காது. காஞ்சிபுரத்தில் ஒரு படை அசையாமல் உட்கார்ந்திருந்ததற்கும் இந்தக் கிராமங்கள் காலியானதற்கும் காரணம் ஒன்றேதான்.

மூன்று நாள்

கர்னல் ஃப்ளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் மன்றோ அனுப்பினார். அவர்கள் 9ஆம் தேதி பெய்லியோடு சேர்ந்தார்கள். மறுநாள், செப்டம்பர் 10, பொள்ளிலூர். சத்தம் கேட்டு மன்றோ கிளம்பினார். புகை தெரிந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. அடிபட்டுத் தப்பி வந்த ஒரு சிப்பாய்தான் நடந்ததைச் சொன்னார். மன்றோ திரும்பினார்.

அன்று ராத்திரி காஞ்சிபுரத்தில் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளினார்கள். இழுக்க மாடு இல்லை. தூக்க முடியாத சாமான்களை அழித்தார்கள். பெய்லியைக் காப்பாற்றப் போகாமல் எதைக் காவல் காத்தார்களோ அதையே தங்கள் கையால் கொட்டிவிட்டுப் போனார்கள். 11ஆம் தேதி விடியும் முன்னால் செங்கல்பட்டு நோக்கி நடை. சுமார் 40 கிலோமீட்டர். ஹைதர் முழுப் படையோடு துரத்தவில்லை, குதிரைகளை மட்டும் விட்டார். அதுவே போதுமானதாக இருந்தது. 12-ல் செங்கல்பட்டு. அங்கேயும் சாப்பாடு போதவில்லை. தெற்கேயிருந்து வந்த கர்னல் காஸ்பியின் படை அங்கே சேர்ந்துகொண்டது. 14-ல் சைதாப்பேட்டை ஆற்றங்கரை, அவர்கள் வாயில் 'மர்மலாங்'.

பின்வாங்கும் படையின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. முன்னால் ஒரு பிரிவு, பின்னால் ஒரு பிரிவு, நடுவில் சாமான். துப்பாக்கி இருப்பவன் வரிசையில் இருப்பான், வரிசை அவனைக் காக்கும். மூட்டை சுமப்பவனுக்கு வரிசை கிடையாது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினால் அன்றைக்குப் பிழைப்பான், மறுநாள் சோறு இல்லை. போடாமல் நடந்தால் பின்தங்குவான். குதிரைக்காரர்கள் தேடி வருவது முதலில் மூட்டையைத்தான். நோயாளியைத் தூக்கும் டோலிக்காரர் பாடு இதைவிட மோசம். அவர் ஓடினால் உள்ளே இருப்பவர் செத்தார், ஓடாவிட்டால் இரண்டு பேருமே.

எழுதினவர்கள்

பொள்ளிலூரில் கம்பெனி அதிகாரிகள் 86 பேர். இறந்தவர் 36, காயத்தோடு பிடிபட்டவர் 34, காயமில்லாமல் பிடிபட்டவர் 16. ஒரு ஆள் குறையாமல் கணக்கு இருக்கிறது. பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். பிடிபட்டவர்களில் ஒருவரான டேவிட் பெயர்ட், 1799-ல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். இவர்களுக்கெல்லாம் வரலாறு உண்டு. சிப்பாய்களுக்கு வட்டமான ஓர் எண். கூலிகளுக்கு அதுவும் இல்லை. 2,800 பேர், 5,000 பேர் என்று மேலே சொன்ன எண்கள் எதிலும் அவர்கள் சேர்த்தி இல்லை.

இதைச் சொல்லும்போது எழுதினவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தாமஸ் மன்றோ வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படிச்சா அவரை வெறுக்க முடியாது. 19 வயசுப் பையன், வந்து எட்டு மாசத்தில் ஒரு தோல்வியைப் பார்க்கிறான், அதை அப்பாவுக்கு விளக்கி எழுதுகிறான். பின்னால் சகோதரிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், முதல் மூன்று வருஷம் தலைக்கு ஒழுங்கான தலையணைகூட இல்லாமல் படுத்ததை வேடிக்கையாகச் சொல்கிறான். இந்தியாவில் எல்லாரும் நவாப் மாதிரி வாழ்றாங்கன்னு ஊர்ல நெனச்சுட்டு இருக்கீங்களே, நிஜம் இதுதான் என்கிற தொனி.

1781 ஆகஸ்டில் அந்தத் தோல்வியின் மிச்சத்தையும் அவர்கள் பார்த்தார்கள். வங்காளத்திலிருந்து கரையோரமாகவே நடந்து வந்த கர்னல் பியர்ஸின் படையைச் சேர்த்துக்கொள்ள ஜெனரல் அயர் கூட் பழவேற்காட்டுக்கு வந்தார். டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை கம்பெனி கைக்கு வந்து அப்போது சில வாரம்தான் ஆகியிருந்தது. அங்கேயிருந்து மேற்கே திரும்பி, திருப்பாச்சூரைப் பிடித்து, ஆகஸ்ட் 27-ல் அதே பொள்ளிலூரில் மறுபடி ஹைதரோடு மோதினார்கள். முந்தின வருஷம் செத்தவர்களின் எலும்புகள் அந்தக் களத்தில் அப்படியே கிடந்தன. தங்கள் கூட்டாளிகளின் எலும்பை மிதித்துக்கொண்டு சண்டை போட்டது அந்தப் படைக்காரர்களை ரொம்பப் பாதித்தது.

அந்த எலும்புகளில் எது ஐரோப்பியனுடையது, எது சிப்பாயுடையது, எது டோலிக்காரருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. புத்தகத்தில் பிரிந்திருப்பது மண்ணில் பிரியவில்லை.

சாதாரணச் சிப்பாயால் எழுதவே முடியாது என்றும் இல்லை. 1812-ல் நெப்போலியன் படை மாஸ்கோவிலிருந்து திரும்பியபோது பட்ட பாட்டை யாக்கோப் வால்ட்டர் என்ற ஜெர்மன் சிப்பாய் எழுதி வைத்தார். தொழிலில் அவர் கல்தச்சர். பசியையும் குளிரையும் அவர் எழுதியது இன்றும் அச்சில் இருக்கிறது. நம் பக்கம் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் புதுச்சேரியில் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1761-லேயே போய்விட்டார். இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை, அதாவது இந்தப் போர்க் காலம் முழுக்க ஓடுகிறது. ஆனால் அது புதுச்சேரியில் வேலை பார்த்த ஒருவரின் குறிப்பு. காஞ்சிபுரம் செங்கல்பட்டு ரோட்டில் மூட்டையோடு நடந்தவரின் குறிப்பு இல்லை.

கஞ்சி

படை சென்னைக்குத் திரும்பியதோடு பின்வாங்கல் முடிந்தது என்று ராணுவ வரலாறு சொல்லும். எரிந்த ஊர்களிலிருந்த ஜனங்களுக்கு அது அப்போதுதான் தொடங்கியது. உழவு இல்லை, மாடு இல்லை, விதை இல்லை. நடக்க முடிந்தவர்கள் எல்லாம் படை போன திசையிலேயே, சென்னைக்கு நடந்தார்கள். கோட்டைச் சுவர் இருக்கிறது, கடல் வழியாக அரிசி வரும் என்ற நம்பிக்கை.

வங்காளத்திலிருந்து அரிசிக் கப்பல்கள் வரத்தான் செய்தன. ஆனால் 1782 அக்டோபர் 15-ல் அடித்த புயலில், அரிசி ஏற்றி வந்து சென்னைக் கரையோரம் நின்றிருந்த நாட்டுக் கப்பல்கள் ஏராளமாக உடைந்தன. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சென்னைத் தெருக்களில் கிடந்த பிணங்களை அன்றைக்கு இங்கே இருந்த ஐரோப்பியர்கள் எழுதியிருக்கிறார்கள். லண்டனில் எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் பேசிய புகழ்பெற்ற பேச்சில் கர்நாடகத்தின் இந்த அழிவு வருகிறது. அவர் பேசியது உண்மையில் நவாபின் கடன்களைப் பற்றி. அந்தக் கடனுக்கு வட்டி வாங்கிக் கொழுத்த கம்பெனி ஆட்களும் இந்த அழிவுக்குப் பொறுப்பு என்பது அவர் வாதம். காஞ்சிபுரத்தில் நவாப் வைக்காமல் போன அரிசியையும் இந்தக் கடன் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக 1782-ல் கறுப்பர் நகரத்தின் வடக்கே ஒரு சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் 'மோனிகர் சௌல்ட்ரி'. பஞ்சம் போன பிறகும் ஆதரவற்றவர்களும் நோயாளிகளும் அங்கே வந்துகொண்டே இருந்தார்கள். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். அது வளர்ந்து வளர்ந்துதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை.

ஸ்டான்லி என்பது 1930களில் கவர்னராக இருந்தவர் பெயர். வடசென்னையில் பழைய ஆளுங்க அதை அப்படிச் சொல்ல மாட்டாங்க. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பாங்க. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து இன்றைக்கும் பெரிய வைத்தியம் என்றால் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலேறிப் போவது அங்கேதான். 1780-ல் வில்க்ஸ் சொன்ன அந்த எரிந்த வளையத்தின் வடக்கு ஓரத்து ஊர்கள் இவை.

படைக்காரர்களின் துயரம் கடிதத்திலும் புத்தகத்திலும் நின்றது. அதைப் படிக்க ஆங்கிலம் தெரிய வேண்டும், பழைய புத்தகங்களைத் தேட வேண்டும். எழுதத் தெரியாதவர்களின் துயரம் ஒரு பேச்சு வழக்குப் பெயரில் நின்றது. கவர்னர் பெயரைப் பலகையில் எழுதிய பிறகும் அது ஜனங்க வாயிலிருந்து போகவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்கிற தலைமுறை இப்போது குறைந்துகொண்டு வருகிறது. அது நின்றுபோனால் 1782-ல் அந்த வாசலில் கலயத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது 'கஞ்சித் தொட்டி' என்று சொல்லிக் கேட்டிருந்தால், எந்த ஊர், எந்தத் தலைமுறை என்று ஒரு வரி எழுதி வையுங்க. எனக்கு அனுப்பினாலும் சேர்த்து வைக்கிறேன்.